மீசை அரும்பும் பருவம்

(தோட்ட மக்கள் மண்டபத்தில், பத்து முதல் பதினாறு வயது வரையிலான ஆண் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தந்தையர்க்கும் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்திற்கு என்னை அழைக்க வந்த அன்பர்கள், "ஐயா, நம் ஆண் பிள்ளைகளுக்குச் சுகாதாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும்" என்றார்கள். "எந்தச் சுகாதாரத்தைப் பற்றி?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறிது நேரம் சென்றபின், "அதுதான் ஐயா, அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை..." என்று இழுத்தார்கள். வந்தவர்கள் மூவரும் பிள்ளை பெற்றவர்கள், நன்கு படித்தவர்கள். அவர்களுக்கே அந்தச் சொல் நாவில் வரவில்லை. அந்த மௌனம் நம் பிள்ளைகளுக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதைத்தான் இன்று எடுத்துரைக்க வந்திருக்கிறேன்.

நம் தமிழில் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்திருக்கிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று தமிழ்ப்பள்ளி மாணவனும் ஒப்பிப்பான். ஆணுக்கும் அவ்வாறே பருவப் பெயர்கள் பாட்டியல் நூல்களில் உண்டு. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்பன அவை. இவற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெயர்களை மறந்தது போலவே அந்தப் பருவங்களையும் நாம் மறந்துவிட்டோம்.

ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் வீடு அறிகிறது, லயம் முழுவதும் அறிகிறது. தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். பாட்டியும் அத்தையும் அருகிலிருந்து, "இது இப்படித்தான் அம்மா, பயப்படாதே" என்று சொல்கிறார்கள். ஆண் பிள்ளை வயதுக்கு வந்தால் யார் அறிகிறார்கள்? அவனுக்கும் சீர் வரிசை வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. "பயப்படாதே தம்பி" என்னும் ஒரு சொல் அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

ஐந்து வெள்ளி மருந்து

தம்பிகளே, முதலில் என் கதையைச் சொல்கிறேன். 1973ஆம் ஆண்டில் எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பால்மரம் சீவுபவர். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போய்விடுவார். அந்த ஆண்டில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் கைலி நனைந்திருந்தது. அது சிறுநீர் அன்று என்பது தெரிந்தது. வேறு என்ன என்பது தெரியவில்லை. அம்மா பார்க்குமுன் கிணற்றடிக்குப் போய் அலசிப் போட்டேன். சில வாரங்கள் கழித்து மீண்டும் அவ்வாறு நிகழ்ந்தது. எனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்நாளில் சம்பள நாளன்று தோட்டத்திற்குப் பல வியாபாரிகள் வருவார்கள். துணி விற்பவர், பாத்திரம் விற்பவர் ஆகியோருக்கு நடுவே ஒலிபெருக்கியுடன் ஒரு வைத்தியரும் வந்தார். "நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து, சொப்பனத்தில் அதை இழக்கிறவன் முப்பது வயதில் கிழவனாவான்" என்று முழங்கினார். கூட்டத்தின் பின்னால் நின்ற எனக்குக் கால்கள் நடுங்கின. தீபாவளிச் சட்டைக்கென அம்மா என்னிடம் கொடுத்து வைத்திருந்த ஐந்து வெள்ளியை அவரிடம் நீட்டி, ஒரு டப்பா லேகியம் வாங்கினேன். அதைத் தின்று தீர்த்தும் அந்த 'நோய்' நிற்கவில்லை. அது நோயாக இருந்தால்தானே நிற்கும்!

பந்து விளையாடப் போவதை நிறுத்தினேன். வகுப்பில் பின்வரிசைக்குப் போனேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்னை நானே ஒரு நோயாளி என்று எண்ணிக்கொண்டு வாழ்ந்தேன். ஒரு நாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கத் தோட்ட மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த முதிய டிரஸ்ஸர் என்னை உற்றுப் பார்த்து, "தம்பி, காய்ச்சல் மட்டும்தானா, வேறு ஏதாவது கவலையா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசினார். இரண்டு ஆண்டுப் பயம் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. பிற்காலத்தில் நானும் அதே வேலைக்குப் படிக்கப் போனதற்கு அந்த ஐந்து நிமிடமே காரணம். அவர் அன்று எனக்குச் சொன்னதைத்தான், இன்றைய மருத்துவ அறிவையும் சேர்த்து, உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உடலில் நிகழ்வது யாது?

நம் மூளையின் அடியில் பட்டாணியளவில் ஒரு சுரப்பி உண்டு. அதைப் பிட்யூட்டரி என்பார்கள். மூளை கட்டளையிடும் காலம் வரும்போது இச்சுரப்பி இரண்டு வகை ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. அவை விரைகளை அடைந்து, "விழித்தெழுங்கள்" என்று சொல்வதுபோல் வேலையைத் தொடக்கி வைக்கின்றன. விரைகள் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆண்மைக்குரிய மாற்றங்கள் பெரும்பாலும் இதனாலேயே நிகழ்கின்றன.

இம்மாற்றங்கள் ஒரு வரிசையில் வருகின்றன. பலர் மீசையே முதல் அறிகுறி என்று எண்ணுகிறார்கள். அஃது உண்மையன்று. முதலில் விரைகள் பெரிதாகின்றன; விரைப்பையின் தோல் மெலிந்து கருக்கிறது. அடுத்து ஆண்குறியின் அடியில் உரோமம் தோன்றுகிறது, ஆண்குறி வளர்கிறது. பின்னர் உயரம் விரைவாகக் கூடுகிறது, குரல் உடைகிறது, அக்குளில் உரோமமும் வேர்வை நாற்றமும் வருகின்றன, முகத்தில் பரு எழுகிறது. மேலுதட்டின் இரு ஓரங்களிலும் மீசை அரும்புவது பெரும்பாலும் இவற்றிற்குப் பிறகுதான். தாடி நிறைவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

குரல் ஏன் உடைகிறது? குரல்வளை பெரிதாகி, அதனுள் இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சிறிய நாதசுவரத்திற்கும் பெரிய நாதசுவரத்திற்கும் ஒலியில் வேறுபாடு இருக்கிறதல்லவா? அதுபோலத்தான். புதிய கருவியை வாசித்துப் பழகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஒரே வாக்கியத்தில் தடித்த குரலும் கீச்சுக் குரலும் மாறி மாறி வரும். தேவாரம் பாடும் பிள்ளைகள் அந்த மாதங்களில் தொண்டையை வருத்தி உச்சத்தில் பாட வேண்டா.

முந்தியும் பிந்தியும்

இம்மாற்றங்கள் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இங்கிலாந்தில் மார்ஷல், டேனர் என்னும் இரு மருத்துவர்கள், வளர்ந்துவரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, ஆண் பிள்ளைகளின் பருவ வளர்ச்சியைப் பற்றி 1970ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வளர்ச்சியின் வரிசை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், தொடங்கும் வயதும் நடக்கும் வேகமும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதை அது தெளிவாகக் காட்டியது. இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அவர்கள் வகுத்த ஐந்து படிகளைக் கொண்டே பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கிறார்கள்.

ஆகவே, படிவம் இரண்டில் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவன் வாலிபனைப் போலவும், மற்றவன் சிறுவனைப் போலவும் தோன்றலாம். இருவருக்கும் குறை ஒன்றுமில்லை. பெண் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே உயர்ந்துவிடுகிறார்கள். ஆறாம் ஆண்டில் உன்னைவிட உயரமாக நிற்கும் அத்தை மகளைப் பார்த்து நீ வருந்த வேண்டா. உன் முறை வரும்போது ஓராண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கூட உயர்வாய். அப்போது கால்சட்டை வாங்கும் செலவுதான் அப்பாவுக்கு!

இரண்டு எல்லைகளை மட்டும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றினாலும், பதினான்கு வயது நிறைந்தும் எந்த அறிகுறியும் தோன்றாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது குடும்ப வழக்கமாக இருக்கும். அப்பாவும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். ஆயினும் பார்த்துவிடுவது நல்லது.

உறக்கத்தில் நிகழ்வது

இனி, என்னை இரண்டு ஆண்டுகள் வாட்டிய செய்திக்கு வருகிறேன். பருவம் எய்திய ஆணின் விரைகள் நாள்தோறும் கோடிக்கணக்கான விந்தணுக்களை உண்டாக்குகின்றன. ஓர் அணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ எழுபது நாட்கள் ஆகின்றன. இந்த அணுக்கள் வேறு சில சுரப்பிகளின் நீரோடு கலந்து விந்து ஆகிறது. அது சில சமயங்களில் உறக்கத்தில் தானாகவே வெளிப்படும். கனவோடும் வரலாம், கனவின்றியும் வரலாம். சிலருக்கு வாரந்தோறும் நிகழும்; சிலருக்கு ஆண்டில் ஓரிரு முறை நிகழும்; சிலருக்கு நிகழாமலும் போகும். மூன்றும் இயற்கையே. காலையில் குளித்து, துணியைத் துவைத்து உலர்த்திவிட்டு, பள்ளிக்கூடத்திற்குப் புறப்பட வேண்டியதுதான்.

நாற்பது சொட்டு இரத்தக் கணக்கு முற்றிலும் பொய். விந்து இரத்தத்திலிருந்து கடைந்தெடுக்கப்படுவதன்று. ஒரு முறை வெளிப்படுவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி நீர். சிறிது சர்க்கரை, புரதம், உப்புகள் உண்டு. எச்சிலும் கண்ணீரும் ஊறுவதுபோல் அதுவும் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் எலும்பு உருகாது, மூளை வறளாது, நினைவாற்றல் குன்றாது, பார்வை மங்காது.

இந்தப் பயம் நம்மவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் திஸ்ஸோ என்பவர் 1760ஆம் ஆண்டில் இதே அச்சத்தைப் பரப்பும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதை நம்பி ஐரோப்பியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நடுங்கினர். இந்தியாவில் மனநல மருத்துவர் விக் அவர்கள், விந்து இழப்பைப் பற்றிய அச்சத்தாலேயே இளைஞர்க்குச் சோர்வும் தூக்கமின்மையும் மனக்கவலையும் வருவதைக் கண்டு, 1960ஆம் ஆண்டில் அந்நிலைக்குத் 'தாது' என்னும் சொல்லைக் கொண்டே மருத்துவப் பெயர் வைத்தார். அச்சமே அங்கே நோய். ஆகவே அச்சத்தைப் போக்குவதே அதற்குரிய முதல் மருந்து.

இன்று ஒலிபெருக்கி வைத்தியர் தோட்டத்திற்கு வருவதில்லை. ஆனால், அவர் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டார். 'இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், ஆண்மைக் குறைவையும் அதைச் சார்ந்த நரம்புத் தளர்ச்சியையும் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்தைக் கண்டால், அங்கே சட்டத்தை மீறிய ஒருவர் இருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். முறையாகப் பதிவு பெற்ற மருந்தின் உறையில், பாரம்பரிய மருந்தாயினும், எம், ஏ, எல் என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண் இல்லாத லேகியத்தையும் மாத்திரையையும் வாயில் போடாதீர்கள். மூலிகை என்று விற்கப்படும் பொருள்களில் வீரியமான இரசாயன மருந்துகளை மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

பெட்டியில் விழுந்த கேள்விகள்

நேற்று மாலை இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொல்லியிருந்தேன். பெட்டியில் பத்தொன்பது சீட்டுகள் இருந்தன. நேரில் கேட்க ஒருவரும் வரவில்லை. சீட்டில் கேட்கப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும். சிலவற்றிற்கு இங்கே விடை கூறுகிறேன்.

'எனக்குப் பெண்களைப் போல மார்பு வீங்கியிருக்கிறது. நான் சட்டையைக் கழற்றுவதில்லை.' இதை எழுதிய தம்பி, நீ தனியாக இல்லை. இந்த வயதில் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்புக் காம்பின் கீழ் சிறு கட்டி போலத் தோன்றும், தொட்டால் வலிக்கும். ஹார்மோன்கள் நிலைபெறும் வரை அப்படி இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும். மிகப் பெரிதானாலோ, நீர் கசிந்தாலோ, இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் போ.

'ஒரு விரை கீழேயும் ஒரு விரை மேலேயும் இருக்கிறது.' அப்படித்தான் இருக்கும். பெரும்பாலோர்க்கு இடப்பக்கத்து விரை சற்றுத் தாழ்ந்தே இருக்கும். ஆனால், பையில் ஒரு விரை மட்டுமே தென்பட்டால் மருத்துவரிடம் அவசியம் காட்ட வேண்டும்.

'வகுப்பில் காரணமே இல்லாமல் விறைத்துக்கொள்கிறது. எழுந்து நிற்க வெட்கமாக இருக்கிறது.' ஹார்மோன்கள் புதிதாகச் சுரக்கும் காலத்தில், எதையும் நினைக்காதபோதும் அப்படி நிகழும். அது கெட்ட எண்ணத்தின் அடையாளம் அன்று. சில நிமிடங்களில் அடங்கிவிடும். வயது ஏற ஏறக் குறையும்.

'கைப்பழக்கம் இருந்தால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதா?' பிறக்கும். அப்பழக்கத்தால் உடலுக்கு நோய் வருவதில்லை என்பதே மருத்துவம் சொல்லும் முடிவு. அதைப் பற்றிச் சமயங்கள் கூறும் ஒழுக்க நெறி வேறு; அதை உங்கள் பெரியோரிடமும் சமய ஆசிரியரிடமும் கேட்டறியுங்கள். ஆனால், நோய் வரும் என்று பொய் சொல்லி ஒழுக்கத்தைப் புகட்ட முடியாது. படிப்பையும் விளையாட்டையும் உறக்கத்தையும் விட்டுவிட்டு எதிலும் அடிமையாகிவிடாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

'பருவுக்கு இரவுச் சந்தையில் விற்கும் வெள்ளைக் களிம்பு போடலாமா?' போடாதே தம்பி. அத்தகைய களிம்புகள் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை நம் அதிகாரிகள் கண்டறிந்து தடை செய்திருக்கிறார்கள். நாளைக்கு இருமுறை மிதமான சவர்க்காரத்தால் முகம் கழுவு. பருவைக் கிள்ளாதே, கிள்ளினால் வடு நிற்கும். பரு பெரிதாகச் சீழ் வைத்தால் சுகாதார நிலையத்தில் காட்டு. தகுந்த மருந்து உண்டு.

தூய்மை

நம் நாட்டு வெப்பத்தில் வேர்வைக்குக் குறைவில்லை. காலையும் மாலையும் குளியுங்கள். பந்து விளையாடிய உள்ளாடையோடு இரவுவரை திரியாதீர்கள். தொடையிடுக்கில் ஈரம் தங்கினால் படை வரும். நனைந்த துணியை மாற்றி, தொடையிடுக்கைத் துடைத்து உலரவிடுங்கள். பருத்தித் துணியாலான உள்ளாடை நல்லது. ஒருவர் துவாலையை மற்றவர் பயன்படுத்த வேண்டா. படை வந்தால் கடையில் கிடைக்கும் கலவைக் களிம்பைத் தடவாதீர்கள். சில களிம்புகளில் உள்ள ஸ்டீராய்டு மருந்து, அரிப்பை அடக்கிவிட்டுப் படையைப் பரவச் செய்யும்.

சுன்னத்து செய்துகொள்வதைப் பற்றியும் ஒரு சீட்டு இருந்தது. நம் இஸ்லாமியத் தோழர்கள் தங்கள் சமய நெறிப்படி அதைச் செய்துகொள்கிறார்கள். அதைக் கேலி செய்வதும் தவறு. செய்துகொள்ளாதவரைக் கேலி செய்வதும் தவறு. செய்துகொள்ளாதவர்கள் குளிக்கும்போது முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, தண்ணீரால் கழுவி, மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னுக்குத் தள்ளியபடி விட்டுவிட்டால் வீங்கிக்கொள்ளும். தோல் எளிதில் பின்னே வராவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். சிலருக்குப் பதினாறு, பதினேழு வயதுவரை அப்படி இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது தோல் பலூன் போல உப்பினாலோ, அடிக்கடி சிவந்து வலித்தாலோ மருத்துவரைக் காணுங்கள்.

வலியை மறைக்காதீர்கள்

இப்போது சொல்லப்போவதை, மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும், மறக்காதீர்கள்.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கம். நான் வேலை செய்த தோட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன். நன்றாகப் பந்தாடுவான். ஒரு சனிக்கிழமை இரவு அவனுக்கு ஒரு பக்கத்து விரையில் திடீரென்று கடும் வலி. வாந்தியும் வந்தது. எங்கே வலி என்று அம்மா கேட்டபோது, வெட்கத்தால் "வயிற்று வலி" என்று சொல்லிவிட்டான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். வயிற்றில் எண்ணெய் தடவினார். ஞாயிறு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். திங்கட்கிழமை காலை என்னிடம் அழைத்து வந்தார்கள். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே அறுவை செய்தார்கள். ஆனால், அந்த விரை இரத்த ஓட்டமின்றி மடிந்து கறுத்திருந்தது. அதை அகற்றிவிட வேண்டியதாயிற்று.

விரைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் ஒரு கொடிபோல் மேலிருந்து இறங்குகின்றன. அந்தக் கொடி சில வேளைகளில் முறுக்கிக்கொள்ளும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை முறுக்கினால் நீர் நிற்பதுபோல் இரத்தம் நின்றுவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்க்கு இது வர வாய்ப்பு அதிகம். ஓடும்போதும் வரும், உறங்கும்போதும் வரும். வலி தொடங்கி ஆறு மணி நேரத்திற்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு முழு நாள் கடந்தால் காப்பாற்றுவது அரிது. தைலம் தடவுவதும், உருவிவிடுவதும், காலைவரை காத்திருப்பதும் கூடா. நள்ளிரவாயினும் பெற்றோரை எழுப்பி, "எனக்கு விரையில் வலி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லையென்றால் 999 எண்ணை அழையுங்கள். வலியில்லாமல் விரையில் கட்டி தென்பட்டாலும் மறைக்காமல் காட்டுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நீங்கள் கேட்பீர்கள். மற்றொரு விரை நன்றாக இருந்தது. ஒரு விரையே ஓர் ஆணுக்குப் போதுமானது. அவர் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. ஆனால், அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அவனை அவ்வாறு படுக்க வைத்தது வலி அன்று, வெட்கம். அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

உன் உடலுக்கு நீயே காவல்

பருவ மாற்றத்தில் மனமும் மாறும். காரணமின்றிக் கோபம் வரும், தனிமை பிடிக்கும், ஒருவரைப் பார்த்தால் மனம் துள்ளும். இவையெல்லாம் இயல்பே. ஆனால், மனம் துள்ளுகிறது என்பதற்காக ஒரு பெண் பிள்ளையைத் தொடரவும், கேலி பேசவும், அவள் விருப்பமின்றித் தொடவும் யாருக்கும் உரிமையில்லை. கைத்தொலைபேசியில் நண்பர்கள் காட்டும் ஆபாசப் படங்கள் நடிப்பு. அவற்றைப் பார்த்து உன் உடலை அளக்காதே, பெண்களையும் அளக்காதே.

ஆண் பிள்ளைக்கு அத்தகைய ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உறவினராயினும், பயிற்சியாளராயினும், மூத்த நண்பராயினும் உன் மறைவிடத்தைத் தீய எண்ணத்தோடு தொடுவதும், கைத்தொலைபேசியில் உன் படத்தைக் கேட்பதும் குற்றம். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் காப்பதற்கென்றே 2017ஆம் ஆண்டில் சிறார் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. அப்படி ஏதேனும் நிகழ்ந்தால் குற்றம் உன்னுடையதன்று. நம்பிக்கையான பெரியவரிடம் சொல். எவரும் இல்லையென்றால் தாலியான் காசே 15999 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, என் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து மரம் சீவி எங்களைப் படிக்க வைத்தவர் அவர். அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருக்கும் எவரும் சொல்லித் தரவில்லை. அவருடைய தந்தைக்கும் சொல்லித் தந்தவர் இல்லை. இந்த மௌனமும் குடும்பச் சொத்தைப் போல் கைமாறி வந்திருக்கிறது. அதை உங்கள் பிள்ளைக்கும் விட்டுச் செல்லாதீர்கள்.

பள்ளியில் சுகாதாரக் கல்விப் பாடம் நடக்கிறது. ஆசிரியர் சொல்லித் தருகிறார். ஆயினும் வீட்டில் அப்பா சொல்லும் ஒரு சொல்லுக்கு ஈடாகாது. பெரிய விரிவுரை வேண்டா. செம்பனைக் காட்டு வழியே மோட்டார் சைக்கிளில் போகும்போது, "எனக்கும் உன் வயதில் இப்படித்தான் குரல் உடைந்தது" என்று தொடங்குங்கள். நேருக்கு நேர் பார்க்காமல் பேசும்போது இருவருக்கும் கூச்சம் குறையும். பத்து வயதிலேயே, மாற்றம் வருமுன்பே சொல்லுங்கள். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமனோ சித்தப்பாவோ சொல்லட்டும். தாயே சொன்னாலும் தவறில்லை. தெரியாததைக் கேட்டால், "எனக்குத் தெரியவில்லை, சுகாதார நிலையத்தில் இருவரும் சேர்ந்து கேட்போம்" என்று சொல்வதில் இழுக்கொன்றுமில்லை.

'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளை தோளுக்கு மிஞ்சும் ஆண்டுகள் இவைதாம். தோழனிடம் பேசாமல் இருப்பார் உண்டோ?

தம்பிகளே, கூட்டம் முடிந்த பின் நான் பின்கட்டில் உள்ள சிறிய அறையில் ஒரு மணி நேரம் இருப்பேன். கேள்வி உள்ளவர் ஒவ்வொருவராக வரலாம். கதவு சாத்தியிருக்கும். எனக்கு அன்று ஒருவர் ஐந்து நிமிடம் கொடுத்தார். அந்தக் கடனை உங்களிடம் அடைக்க விரும்புகிறேன்.